ஒரு மணி ஐம்பது நிமிடம்

கப்பல் கொழும்பை விட்ட இரண்டாம் நாள், சாப்பாட்டறைச் சுவரில் இருந்த மணிக்கூட்டின் முள்ளை ஊழியர் ஒருவர் கையால் முன்னே தள்ளிவிட்டுப் போனார். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. கலியாணமாகி எட்டு நாள்தான். பக்கத்தில் இருந்த கணவரிடம் ஏன் அப்படிச் செய்கிறார் என்று கேட்டேன்.

"கிழக்கை போறம்தானே. அங்கை சூரியன் வெள்ளென வந்திடும். போய்ச் சேரேக்கை மொத்தமா ஒரு மணி ஐம்பது நிமிசம் கூடியிருக்கும்" என்றார்.

"அப்ப அந்த ஒரு மணி ஐம்பது நிமிசம் எங்கை போகுது?"

அவர் சிரிக்கவில்லை. ரயில்வேயில் எழுதுவினைஞர். நேரத்தைப் பற்றி யாராவது கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்லுவார். "திரும்பி வரேக்கை தருவினம்" என்றார்.

அவர் மலாயாவில் பிறந்து வளர்ந்தவர். தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து போய் அங்கேயே ரயில்வேயில் வேலை பார்த்துக் காலமானவர். பெண் பார்ப்பதற்கென்று முதல்முறையாக இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத் தீவொன்றிலுள்ள கரம்பொனில் எங்கள் வீட்டில் அவர் தங்கியது நாலே நாள். அதற்குள் லீவு முடிந்துவிட்டது.

நாங்கள் போய் இருந்தது தைப்பிங்கில். மலைகளின் அடிவாரத்தில் ஒரு சிறிய பட்டினம். ரயில்வே ஊழியர்களுக்கான வீடுகள் வரிசையாக இருந்தன. செங்கல் தூண்களின் மேல் பலகையால் கட்டிய வீடுகள். நடந்தால் முழு வீடும் காலடியைச் சொல்லும். கரம்பொனில் குடிதண்ணீருக்கு அரை மைல் குடத்தோடு நடந்த எனக்கு, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது பல மாதங்களுக்குப் பழகவில்லை. அதைவிடப் பழகாதது மழை. பின்னேரம் மூன்று மணி ஆனால் மலைகள் மறையும். பிறகு மழை. அநேகமாக எல்லா நாளும். கடைத்தெருவில் சீனர்கள் அன்றைக்கு மழை எத்தனை மணிக்கு வரும் என்று பந்தயம் கட்டுவார்கள். நான் கட்டியிருந்தால் அரைவாசி நாள் வென்றிருப்பேன்.

என் கணவரின் நாள் முழுவதும் எனக்குப் பாடம். ஏழு நாற்பதுக்குச் சைக்கிளை எடுப்பார். எட்டு மணிக்குக் கந்தோரில் வேலை தொடங்கும். பன்னிரண்டரைக்குச் சாப்பிட வருவார். கையைக் கழுவிவிட்டு யன்னலருகில் உள்ள கதிரையில்தான் உட்காருவார். நாலரைக்குத் திரும்பி வருவார். ஐந்து மணிக்கு, பக்கத்து வீட்டுச் சீனக் கிளாக்கரின் மனைவி வேலிக்கு மேலால் ஏதாவது மாப்பண்டம் நீட்டுவாள். அவளுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது சந்தை மலாய்ச் சொற்கள் ஒரு நாற்பது. அந்த நாற்பதில் ஐந்து வருடம் சிநேகிதமாக இருந்தோம். ஏழு மணிக்குச் சாமி விளக்கு. எட்டுக்குச் சாப்பாடு. அவர் அதிகம் பேசமாட்டார். ஆனால் ஒவ்வொரு நேரத்திலும் எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியும். ஒரு பெண் புருஷனைப் பற்றித் தெரிந்துகொள்ள அதைவிட என்ன இருக்கிறது என்று அப்போது நினைத்தேன்.

ஒரு குழந்தை ஏழாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. பிறகு இல்லை.

ஆறாம் வருடத் தொடக்கத்தில் தந்தி வந்தது. என் தகப்பனார் புகையிலைத் தோட்டத்தில் விழுந்துவிட்டார். பாரிசவாதம், ஒரு பக்கம் அசைவில்லை. தாயார் நான் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டார். கூடப் பிறந்தவர்கள் எனக்கு இல்லை. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஊருக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு என்னைப் பினாங்கில் கப்பலேற்றிவிட்டார்.

"ஆறு மாசம். பிறகு நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்றார்.

வழியில் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளினார்கள். அவர் சொன்னபடியே அந்த ஒரு மணி ஐம்பது நிமிடத்தை எனக்குத் திருப்பித் தந்தார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஊர்காவற்துறையில் வள்ளத்தால் இறங்கி மாட்டுவண்டியில் கரம்பொன் வந்து சேர்ந்தேன். மறுநாள் விடிய வீட்டு உவர்க் கிணற்றடியில் பானைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஊர்காவற்துறைத் தேவாலயத்தின் மணி காற்றில் கேட்டது. ஆறு மணி. அங்கே ஏழு ஐம்பது. அவர் சைக்கிளில் பாதி வழி போயிருப்பார், பெரிய மரங்கள் நிற்கிற ஏரிக்கரையைக் கடந்திருப்பார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் சாம்பல் கையோடு அப்படியே சிறிது நேரம் இருந்தேன். அன்றைக்குத் தொடங்கியதுதான்.

பத்து நாற்பதுக்கு, தகப்பனாருக்குக் கஞ்சி ஊட்டும்போது, கணவர் அங்கே யன்னலருகில் சாப்பிட உட்காருவார். மத்தியானம் ஒன்றரை மணிக்கு எங்கள் முற்றத்து மணலில் கால் வைக்க ஏலாது. அந்த நேரம் அங்கே மழை தொடங்கியிருக்கும். இரண்டு நாற்பதுக்கு அவர் வீடு வந்துவிடுவார். இங்கே பொழுது சாய இன்னும் எவ்வளவோ கிடக்கும், அங்கே விளக்கேற்றிவிடுவார்கள். அவருடைய நாள் எப்போதும் என்னுடையதற்கு முன்னே போய்க்கொண்டிருந்தது. நான் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.

இதைக் கடிதத்தில் எழுதினேன். அதற்குப் பிறகு அவர் தன் கடிதங்களில் நேரங்களைக் குறித்து எழுதத் தொடங்கினார். சனிக்கிழமை பத்து மணிக்கு வாசிகசாலைக்குப் போவதாக, பின்னேரம் ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பற்றி விசாரித்ததாக, இப்படி. நான் பதிலுக்குத் தகப்பனாரின் உடல்நிலையை எழுதுவேன். கால் வீக்கம் வற்றிய விதம், பேச்சு சற்றுத் தெளிந்தது, வைத்தியர் தந்த எண்ணெய். என்னுடைய நாளைப் பற்றி எழுதவில்லை. எழுத அதில் என்ன இருந்தது? தண்ணீர், அடுப்பு, நோயாளி. அவரும் கேட்கவில்லை.

ஆறு மாதம் இரண்டு வருடமாயிற்று. அதற்கிடையில், சிறுவயதில் நான் ஆங்கிலம் படித்த, அருகிலிருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் தையலும் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை என்று தலைமையாசிரியை என்னை வந்து கேட்டார். யாழ்ப்பாணப் பட்டினத்தைச் சேர்ந்தவர். கலியாணம் செய்யாதவர். பேச்சில் சுற்றி வளைக்கமாட்டார். தகப்பனாரைப் பார்த்துக்கொள்ளப் பகலில் ஒரு ஆளை அமர்த்திவிட்டு நான் போகத் தொடங்கினேன்.

தகப்பனார் ஒரு பங்குனியில் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் நான் கப்பலேறியிருக்க வேண்டும். கணவரும் அப்படித்தான் எழுதினார். ஐரோப்பாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்தாலும் எங்கள் பக்கத்துக் கடலில் கப்பல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நான் போகவில்லை. அதற்கு நான் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மையானவை. தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுக்க வேண்டும், வீட்டை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். ஆனால் சொல்லாத ஒன்றும் இருந்தது. வகுப்புக்குள் நான் நுழைந்ததும் முப்பது பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். தைப்பிங்கில் ஐந்து வருடத்தில் நான் வந்ததற்காக யாரும் எழுந்து நின்றதில்லை.

"மார்கழிச் சோதினை முடியுமட்டும் நில்லும். பிறகு நான் உம்மை மறிக்கமாட்டன்" என்று ஆவணி முடிவில் தலைமையாசிரியை சொன்னார்.

"அவருக்கு என்னெண்டு எழுதிறது?"

"உள்ளதை எழுதும். மூண்டு மாசத்தில என்ன வந்திடப் போகுது?"

எழுதினேன். அவர் கோபிக்கவில்லை. அவருடைய பதில் ஐப்பசியில் வந்தது. ஒரு பக்கம்தான். இங்கே கடிகாரத்தை இன்னும் பத்து நிமிடம் முன்னே தள்ளிவிட்டார்கள், இனி உமக்கும் எனக்கும் சரியாக இரண்டு மணித்தியாலம், கணக்குப் பார்க்கச் சுலபம் என்று எழுதியிருந்தார். மார்கழியில் வருவீர் என்று வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பிக்கிறேன் என்றும் இருந்தது. அதற்குப் பிறகு நாலு வருடம் அவரிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை.

மார்கழியில் சோதினை நடந்துகொண்டிருந்தபோது தலைமையாசிரியை பத்திரிகையை மடித்துப் பிடித்தபடி என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. நான் வெளியே போனேன்.

"ஜப்பான்காரன் மலாயாவில இறங்கீற்றான்" என்றார். "பினாங்கில குண்டு போட்டிருக்கிறாங்கள்."

அவர் உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே போட்டார். பிறகு வகுப்புக்குள் போய் என் பிள்ளைகளின் சோதினைத் தாள்களைத் தானே வாங்கினார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் அவரைக் குற்றம் சொல்லவும் இல்லை. அவர் நில் என்றுதான் சொன்னார். நின்றது நான்.

அடுத்த தையில் எங்கள் அரசாங்கமும் மணிக்கூட்டை முன்னே தள்ளியது. முதலில் அரை மணி. சில மாதங்கள் கழித்து இன்னொரு அரை மணி. யுத்தத்துக்காக என்றார்கள். கந்தோரும் பள்ளிக்கூடமும் புது நேரத்தில் நடந்தன. கோயில் பூசையும் வயலும் பழைய நேரத்தில். யாரைச் சந்திப்பதானாலும் புது நேரமா பழைய நேரமா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பிள்ளைகள் பனி காயுமுன்னே வந்து வகுப்பில் தூங்கி விழுந்தார்கள். நான் என் கணக்கைத் திருத்திக்கொண்டேன். இரண்டு மணித்தியாலம் ஒன்றாகக் குறைந்துவிட்டது. யுத்தம் அவரை ஒரு மணித்தியாலம் எனக்குக் கிட்டக் கொண்டுவந்திருக்கிறது என்று நினைத்து, அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டேன்.

அந்த வருடங்களில் எங்கள் ஒழுங்கையால் தினமும் நாலு மாடுகளைச் சாய்த்துக்கொண்டு ஒரு அம்மா போவார். உறவு இல்லை. ஆனாலும் மாமி என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய ஒரே மகன் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிளாக்கர். நான் மலாயா நேரம் அறிந்தவள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு பின்னேரம் வேலிப் படலையடியில் நின்று கூப்பிட்டார்.

"பிள்ளை, அவனுக்கு இப்ப என்ன நேரம்?"

பள்ளிக்கூடத்தால் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். "இஞ்சை ஆறு. அங்கை ஏழு, மாமி."

"புது நேரமோ பழைய நேரமோ?"

"புது நேரம்."

"என்ர மாட்டுக்குப் புது நேரம் தெரியாது" என்றார். பிறகு, "ஏழு மணியெண்டால் வேலை விட்டு வந்திருப்பான், என்ன?"

"ஓம். வந்து குளிச்சிட்டுச் சாப்பிட இருப்பார்."

"அப்ப சரி" என்று மாடுகளைச் சாய்த்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு கிட்டத்தட்ட எல்லாப் பின்னேரமும் கேட்டார். நானும் சொன்னேன். வந்திருப்பார், சாப்பிட இருப்பார், இண்டைக்கு ஞாயிறு, படுத்திருப்பார். அரிசி இல்லாமல் நாங்களே கூப்பன் மாவில் ரொட்டி சுட்டுத் தின்ற காலம் அது. அங்கே அவர்கள் சாப்பிடுகிறார்களா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் படலையடியில் அவர் நிற்கும்போது எனக்குத் தெரிந்த மாதிரித்தான் இருந்தது. நாள் முழுக்க யாரோடும் பேசாத விஷயத்தை அந்த இரண்டு நிமிடம் பேசினேன். மழை பெய்தால் அவர் வேறு வழியால் போய்விடுவார். அந்தப் பின்னேரங்கள் மிகவும் நீளமாக இருந்தன.

யுத்தம் முடிந்து இரண்டு மாதத்தில் மணிக்கூட்டைப் பழையபடி வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் கணவரின் கடிதம் வந்தது. உறையில் கையெழுத்தைக் கண்டதும் தபாற்காரர் நிற்கும்போதே பிரித்தேன். உள்ளே இருந்தது சிறிய கடிதம். சுகமாக இருக்கிறேன். ஜப்பான்காரர் வந்து நாலைந்து மாதத்தில் என்னைச் சயாம் பக்கம் ரயில் பாதை போடுகிற இடத்துக்கு அனுப்பினார்கள். இப்போதுதான் திரும்பி வந்தேன். நம்முடைய வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கிளாக்கர் இல்லை, அவரை முதல் மாதமே கொண்டுபோய்விட்டார்கள். கடைசியில், நான் கேட்பேன் என்று நினைத்தோ என்னவோ, ஒரு வரி. அவர்கள் வந்த உடனேயே எல்லா மணிக்கூட்டையும் தோக்கியோ நேரத்துக்கு வைத்தார்கள், காலை எட்டு மணிக்கும் இருட்டாக இருக்கும்.

கணக்குப் பார்த்தேன். ஒரு மணித்தியாலம் என்று நான் நினைத்திருந்த காலம் முழுவதும் அது இரண்டரை மணித்தியாலம். அதுகூடப் பெரிதில்லை. ஏரிக்கரையில் சைக்கிள் இல்லை. யன்னலருகில் சாப்பாடு இல்லை. வேலிக்கு மேலால் பண்டம் நீட்டியவள் அந்த முதல் மாதத்திலிருந்து தன் புருஷனைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் ஒவ்வொரு நாளும் போய் நின்றது அவர் இல்லாத வீட்டில்.

மாமிக்கும் கடிதம் வந்தது. மகனோடு வேலை செய்த ஒருவர் எழுதியது. வாசித்துச் சொல்ல ஊர் அதிகாரி விதானையாரிடம் கொண்டுபோனாராம். மகன் மலேரியாக் காய்ச்சலில் இறந்துபோனார். ஜப்பான்காரர் வந்த இரண்டாம் வருடம்.

செத்தவீட்டுக்குப் போனேன். பெண்கள் கூட்டத்தில் அவர் என்னைப் பார்த்த மாதிரித் தெரியவில்லை. பிறகு ஒரு மாதம் மாடுகளை வேறு யாரோ சாய்த்துப் போனார்கள். எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. இறந்த மனிதர் சாப்பிட இருக்கிறார் என்று இரண்டு வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு பின்னேரம் அவரே வந்தார். படலையைத் திறந்து உள்ளே வந்து நின்றார். முன்பு ஒருநாளும் உள்ளே வந்ததில்லை.

"மாமி, நான் தெரியாமல் சொல்லிப்போட்டன்" என்றேன்.

"நீ என்னெண்டு அறிவாய்?" என்றார். பிறகு, "நீ சாப்பிட்டிருப்பான் எண்டு சொன்ன நாளெல்லாம் நானும் போய்ச் சாப்பிட்டனான். இல்லாட்டிச் சாப்பிட்டிருக்கமாட்டன்" என்றார்.

அவரை இருக்கச் சொன்னேன். மாடு நிற்குது என்று போய்விட்டார். அதன் பிறகும் அதே ஒழுங்கையால்தான் போவார். படலையடிக்கு வந்ததும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். எதுவும் கேட்பதில்லை. மாடுகளின் சத்தம் தூரத்தில் கேட்டதும் நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நிற்பதை மட்டும் நிறுத்த என்னால் ஏலவில்லை.

அடுத்த வருடம் ஆடியில் கணவர் வந்தார். ஐந்து மாத லீவு. ஊர்காவற்துறையில் வள்ளத்தால் இறங்கியவரை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. ஆள் பாதியாகியிருந்தார். முன்பல் இரண்டு இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு தகரப்பெட்டி. அதைப் பார்த்துக்கொண்டு வண்டியில் வந்தோம்.

"பயணம் எப்பிடி?"

"பரவாயில்லை. நீர் மெலிஞ்சு போனீர்."

"நீங்களும்தான்."

விடியுமுன்னே எழும்பிவிடுவார். பத்தரைக்குப் பசிக்கும். நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். மூடிவைத்த சோற்றைத் தனியே சாப்பிடுவார். நான் வீடு வரும்போது அவருக்குப் பொழுது முடிந்த மாதிரி இருக்கும், கேட்டதற்குப் பதில் சொல்லுவார், அவ்வளவுதான். உடம்பு பழக ஒரு கிழமை எடுக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் கிழமை, அவர் குளிக்கப் போனபோது, மேசையில் கிடந்த கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அது மலாயா நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"மணிக்கூட்டை மாத்தேல்லையோ?" என்று கேட்டேன்.

"திரும்பிப் போகத்தானே வேணும்" என்றார். தலையைத் துவட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. நாலு வருடம் அவர் இல்லாதபோது நான் தனியாக இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் வந்த பிறகு யாரிடம் என்ன சொல்வது? ஊரில் எல்லோரும், உனக்கென்ன, உன்ர மனுசன் வந்திட்டார் என்றார்கள். அவர்களில் சிலரின் புருஷன்மார் வரவில்லை. நான் தலையாட்டினேன்.

புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவர் வந்து வாசற்படியில் இருந்தார். பகலில் அவர் குசினிப் பக்கம் வருவது வழக்கமில்லை.

"அங்கை இருக்கேக்கை உம்மை நினைக்கிறது பெரிய கஷ்டம்" என்றார்.

துருவுவதை நிறுத்தினேன். சயாமைப் பற்றி அவர் பேச்செடுத்தது அதுதான் முதல்தரம்.

"உமக்கு என்ர நாள் தெரியும். இப்ப கந்தோர், இப்ப சாப்பாடு எண்டு கணக்குப் பாத்தனீர். பிழைக் கணக்கோ என்னவோ, ஒரு கணக்கு இருந்தது. எனக்கு அப்பிடி ஒண்டும் இருக்கேல்லை."

"ஏன் அப்பிடிச் சொல்லுறியள்?"

"இந்த வீட்டில நான் கண்டது ஒரு அறை. கலியாணத்துக்கு வந்து நாலு நாளும் காய்ச்சலில கிடந்தனான். முகட்டில ஏழு கைமரம். கம்பி போட்ட ஒரு யன்னல். வெளியால ஒரு வேப்பங்கொப்பு. அவ்வளவுதான் எனக்குக் கரம்பொன். நீர் அதுக்குள்ளதான் இருந்தனீர்."

"எதுக்குள்ள?"

"அந்த அறைக்குள்ள. கட்டில்ல. நாலு வருசமும். நான் காலமை நினைச்சாலும் பின்னேரம் நினைச்சாலும் நீர் அதில சும்மா இருக்கிறீர். எழும்பி எங்கையாவது போகச் சொல்லி யோசிச்சுப் பாப்பன். எங்கை போவீர் எண்டு எனக்குத் தெரியேல்லை."

அந்த அறையில் நாங்கள் புகையிலையும் காய்ந்த பனங்கிழங்கு ஒடியலும் போட்டு வைத்திருந்தோம். கிழமைக்கு ஒருதரம் ஒடியல் எடுக்கப் போவேன். கட்டிலை எப்போதோ வெளியே எடுத்தாயிற்று. நூற்றுக்கணக்கான கடிதத்தில் கால் வீக்கத்தையும் எண்ணெயையும் எழுதினேனே ஒழிய, காலையில் எத்தனை மணிக்கு எழும்புகிறேன் என்று ஒருதரமாவது எழுதினேனா?

"திங்கட்கிழமை என்னோட பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ" என்றேன்.

"அங்கை வந்து நான் என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்யவேண்டாம். வந்து இருங்கோ."

திங்கட்கிழமை அவர் தண்ணீருக்கும் கூட வந்தார். ஒரு ஆண் குடம் தூக்குவதைப் பார்த்துக் கிணற்றடியில் பெண்கள் சிரித்தார்கள். அவர் கவனிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை அவருக்கு வணக்கம் சொல்லி, வேம்பின் கீழே ஒரு கதிரை போடுவித்தார். ஒன்பது மணி தொடக்கம் மூன்றரை வரை அந்தக் கதிரையில் இருந்தார். நான் இரண்டாம் வகுப்புக்குப் போவதையும் ஐந்தாம் வகுப்புக்குப் போவதையும் பார்த்தார். பிள்ளைகள் சத்தமாக வாசிப்பதைக் கேட்டார். மத்தியானம் நான் வெளிவிறாந்தையில் இருந்து சாப்பிடுவதையும், சாப்பிட்டபின் ஐந்து நிமிடம் தூணில் சாய்ந்து கண்ணை மூடுவதையும் பார்த்தார். அப்படிச் சாய்வது எனக்கே தெரியாத பழக்கம். அவர்தான் பிறகு சொன்னார்.

திரும்பி நடந்து வந்தோம். ஒழுங்கை முகப்பில், "இவ்வளவு வேலையோ" என்றார். பிறகு, "உம்மை நான் சும்மா இருக்க விட்டிட்டன்" என்றார்.

லீவு முடிவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது, பென்சன் எடுக்க இன்னும் மூன்று வருடம் வேலை செய்ய வேண்டும், நீர் இங்கே இருக்க விரும்பினால் இரும் என்றார். நான் வருகிறேன் என்றேன். தலைமையாசிரியையிடம் மறுநாளே சொன்னேன். சோதினைக்கு முன் போகிறீரே என்று அவர் சொல்லவில்லை. தையல் வகுப்புக்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டும் என்றார். என் கையைப் பிடித்து ஒரு கணம் வைத்திருந்துவிட்டு விட்டார்.

கார்த்திகை மழையில் கரம்பொனை விட்டோம். தைப்பிங்கில் எங்களுக்கு வேறு வீடு கிடைத்தது, மலையடிவாரத்தை விட்டுத் தள்ளி, ரயில் நிலையத்தின் பின்பக்கம். சீனக் கிளாக்கரின் மனைவி எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. என் கணவர் முன்பு மாதிரியே எட்டு மணிக்குக் கந்தோர் போய் நாலரைக்குத் திரும்பினார். வந்ததும், பகல் என்ன செய்தனீர் என்று கேட்பார். சந்தைக்குப் போனதை, துணி காயாததை, எல்லாவற்றையும் சொல்லுவேன். கவனமாகக் கேட்பார்.

அவருடைய சயாம் வருடங்களில் ஒரு நாளைக்கூட அவர் எனக்கு மணி மணியாகச் சொன்னதில்லை. ஒரேயொரு தரம் கேட்டேன். எத்தனை மணிக்கு எழுப்புவார்கள், எத்தனை மணிக்குச் சாப்பாடு.

"அங்கை எங்களிட்டை மணிக்கூடு இருக்கேல்லை" என்றார்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அந்த வருடங்கள் எனக்குத் தெரியாமலே கிடந்தன, அவருக்குப் பக்கத்தில் நான் இருந்துகொண்டிருந்தபோதும். வெளியே மலை மறைந்துகொண்டிருந்தது. அவர் எழும்பிப் போய், சாரல் அடிக்குமுன் யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்.